தோளில் ஏறிய தாழ்குரல்

கற்றல் நோக்கங்கள்

• அறிவியல் செய்திகளைத் தமிழ் உரைநடையில் படித்துப் பொருளுணர்தல்.
• இசைக் கருவிகள் தொடர்பான பழஞ்சொற்களையும் புதுச்சொற்களையும் அறிந்து பயன்படுத்துதல்.
• ஒரு சொல்லின் பொருள் காலந்தோறும் மாறுவதைச் சான்றுடன் விளக்குதல்.

நுழையும்முன்

திருவிழாவில் பேண்டு வாத்தியம் தெருமுனையைத் திரும்பும் முன்பே நம் காதில் விழுவது முரசின் அதிர்வும், அதனோடு இழையும் அடித்தொண்டை ஒலியும் ஆகும். அந்தத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் கருவிக்குள் ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட குழல் சுருண்டு கிடக்கலாம். அவ்வளவு நீளத்தை ஒருவர் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பது எங்ஙனம்? அதைக் கூறுவதே இப்பாடம்.

நடக்கும் விழாக்கள்

திருவனந்தபுரத்தின் பெருவிழாக்கள் பலவும் நடந்து செல்லும் விழாக்கள். பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்டுக்கு இருமுறை பத்து நாள் திருவிழா நடைபெறும். அவ்விழாக்கள் 'பைங்குனி', 'அல்பசி' எனப்படும். தமிழ் மாதங்களான பங்குனியும் ஐப்பசியுமே மலையாள நாவில் இவ்வாறு வழங்குகின்றன. விழாவின் நிறைவு நாளில் திருமேனிகள் கோட்டையிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்கு நீராட எடுத்துச் செல்லப்படும். இதற்கு 'ஆறாட்டு' என்று பெயர். தமிழ்நாட்டுக் கோயில்களில் இதனைத் 'தீர்த்தவாரி' என்பர். ஊர்வலம் செல்லும் பழைய வழியின் குறுக்கே இன்று விமான நிலையத்தின் ஓடுபாதை உள்ளது. ஆறாட்டு நாளில் சில மணி நேரம் விமானப் போக்குவரத்தை நிறுத்தி, ஊர்வலத்திற்கு வழி விடுகின்றனர். யானை, குதிரை, வாளேந்தியோர், காவலர் அணி ஆகியவற்றோடு பேண்டுக் குழுவும் அவ்வூர்வலத்தில் இடம்பெறும்.

நவராத்திரி ஊர்வலமோ இன்னும் நெடியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருள்வர். சரசுவதியின் திருமேனி கம்பர் வழிபட்டது என்பது மரபுவழிச் செய்தி. ஊர்வலம் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடக்கும். எல்லையான களியக்காவிளையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை அணிவகுப்பு அளிப்பர்.

இத்தகைய விழாக்களில் இசைப்போர் ஓரிடத்தில் அமர இயலாது. கால் நடக்க வேண்டும். கை கருவியைத் தாங்க வேண்டும். மூச்சு இசைக்க வேண்டும். சிறிய குழலை ஊதுவோருக்கு இது பெரிய இடர் அன்று. தாழ்ந்த ஒலியை எழுப்புவோருக்கே இடர் மிகுதி. அதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும்.

ஒலி தாழக் குழல் நீளும்

ஒலியின் மூன்று நிலைகளைப் பழந்தமிழிசை மெலிவு, சமன், வலிவு எனப் பகுத்தது. இன்றைய இசை வழக்கில் இவை மந்தரம், மத்திமம், தாரம் எனப்படும். மெலிவு என்பது இங்கு ஓசையின் வலுக்குறைவைக் குறிப்பதன்று. தாழ்ந்த சுரநிலையைக் குறிப்பதாகும்.

நாகசுரத்தில் சீவாளி அதிர்ந்து ஒலியை எழுப்புகிறது. டிரம்பெட், டியூபா போன்ற பித்தளைக் கருவிகளில் சீவாளி இல்லை. கிண்ணம் போன்ற ஊதுவாயில் உதடுகளைப் பொருத்தி ஊதும்போது உதடுகளே அதிர்கின்றன. அவ்வதிர்வு குழலினுள் இருக்கும் காற்றையும் அதிரச் செய்கிறது. குழல் குறுகியதாயின் காற்று விரைந்து அதிரும், ஒலி உயரும். குழல் நீண்டதாயின் காற்று மெல்ல அதிரும்; ஒலி தாழும். நாகசுரத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். குட்டையான திமிரி நாகசுரம் உயர்ந்த சுருதியிலும், நீண்ட பாரி நாகசுரம் தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கும். பாரி நாகசுரத்தைப் புகழ்பெறச் செய்தவர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை.

குழலின் நீளம் இருமடங்கானால் ஒலி ஒரு ஸ்தாயி தாழும். பேண்டில் இடம்பெறும் டிரம்பெட்டின் குழல் ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளமுடையது. அதனினும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும் யூஃபோனியத்தின் குழல் ஏறத்தாழ 2.7 மீட்டர். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் பெரிய டியூபாவின் குழலோ ஏறத்தாழ 5.5 மீட்டர். வளர்ந்த ஆண் யானையின் தோள் உயரத்தைப் போல அது இருமடங்கு. அதன் அடிப்படை ஒலியில் காற்று நொடிக்கு ஏறக்குறைய முப்பது முறை அதிர்கிறது. மனிதச் செவி உணரக்கூடிய ஒலிகளின் கீழ் எல்லை நொடிக்கு இருபது அதிர்வுகள் என்பர். ஆகவே, டியூபா செவியின் அடிவாசலுக்கு அருகில் நின்று ஒலிப்பது எனலாம்.

அவ்வளவு நீண்ட குழலை நேராக ஏந்தி நடந்தால், முன்னே செல்வோர் மூவரையாவது அது இடித்துவிடும். எனினும், இயற்கை ஒரு சலுகையைத் தந்துள்ளது. குழலை வளைத்தாலும் சுருட்டினாலும் அதனுள் செல்லும் ஒலியின் சுரம் பெரிதும் மாறுவதில்லை. ஒலிக்கு வேண்டுவது நீளமேயன்றி நேர்மையான வடிவம் அன்று. தாழ்ந்த ஒலியைத் தோளில் சுமக்க விரும்பிய கைவினைஞர் அனைவரும் பற்றிக்கொண்டது இந்த ஒற்றை உண்மையையே.

கலப்பை சுமந்த கலைஞர்

கருவிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய் நடப்பது தமிழகக் கலைஞர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று மலைபடுகடாம். 583 அடிகளைக் கொண்ட இந்நூலைப் பாடியவர் பெருங்கௌசிகனார். செங்கண்மா என்னும் ஊரை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்று வரும் கூத்தன் ஒருவன், எதிர்ப்படும் கூத்தர் குழுவுக்கு வழி காட்டுவதாக அமைந்தமையால், இதற்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. செங்கண்மா இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் என வழங்குகிறது.

நூலின் தொடக்கத்திலேயே கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளின் பட்டியல் வருகிறது. முழவும் ஆகுளியும் பாண்டிலும் யாழும் குழலும் அதில் உள்ளன. காற்றுக் கருவிகளுள் மயிற்பீலி அணிந்த கோடும், இருவகைத் தூம்புகளும் குறிக்கப்படுகின்றன. ஒரு தூம்பு யானை நெடுமூச்சு விடுவதைப் போல ஒலிப்பது. மற்றொன்று குறுகிய வடிவுடையது. இளி என்னும் சுரத்தை ஒலிப்பது. இளி என்பது இன்றைய பஞ்சமம். நெடிய கருவிக்குத் தாழ்ந்த ஒலி, குறிய கருவிக்கு உயர்ந்த ஒலி என்னும் இயல்பைப் புலவர் செவியால் அறிந்திருந்தார் என்பது இதனால் புலப்படும்.

இக்கருவிகளை அவர்கள் எவ்வாறு கொண்டு சென்றனர்? எடை இருபுறமும் ஒத்திருக்கும்படி பைகளில் கட்டிக் காவித் தோளில் சுமந்தனர். மரத்தில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் பலாக்காய்களை அம்மூட்டைகளுக்குப் புலவர் உவமை கூறுகிறார். அந்தப் பைக்கு இட்ட பெயர் 'கலப்பை'. கலம் என்றால் இசைக்கருவி. கலத்தை இட்ட பை கலப்பை. இன்று உழுகருவியை மட்டும் குறிக்கும் சொல், அன்று இசைக்கருவிப் பையையும் குறித்தது.

'கோடு' என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. கோடுதல் என்றால் வளைதல். வளைந்திருப்பதால் விலங்கின் கொம்புக்குக் கோடு என்று பெயர். விலங்கின் கொம்பை ஊதியதன் நினைவு, உலோகத்தால் செய்த பின்னரும் 'கொம்பு' என்னும் பெயரில் நிலைத்துள்ளது. தமிழிலும் மலையாளத்திலும் அச்சொல் ஒன்றே. கேரளத்துப் பஞ்சவாத்தியத்தில் திமிலை, மத்தளம், இலைத்தாளம், இடக்கை ஆகிய நான்கினோடு ஐந்தாவதாக நிற்பது கொம்பு. பகுதி பகுதியாகச் செய்து இணைக்கப்படும் அது, பிறை போல வளைந்து கலைஞரின் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும். அவ்வாறு உயர்ந்து நிற்பதால் நெருக்கமான கூட்டத்திலும் எவரையும் அது இடிப்பதில்லை. ஒலியும் தலைகளுக்கு மேலாகப் பரவுகிறது. கொம்பில் துளைகள் இல்லை. உதட்டின் இறுக்கத்தை மாற்றிச் சில சுரங்களை மட்டுமே அதில் எழுப்ப இயலும். அச்சில சுரங்களைக் கொண்டே கொம்புக் கலைஞர் தாளத்தை அணி செய்கின்றனர்.

பாம்பாய் வளைந்த குழல்

பல சுரங்களையும் தாழ்ந்த ஒலியில் எழுப்பும் கருவியை ஐரோப்பியர் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கினர். பிரான்சு நாட்டில் தோன்றிய அதற்குப் 'பாம்பு' என்னும் பொருள்படும் 'செர்ப்பென்ட்' என்பதே பெயர். மரத்தைக் குடைந்து, தோல் போர்த்திச் செய்யப்பட்ட அதன் குழல் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுடையது. கைவிரல்கள் துளைகளை எட்ட வேண்டும் என்பதற்காகவே அது பாம்பைப் போல வளைக்கப்பட்டது. முதலில் தேவாலயத்தில் பாடுவோர்க்குத் துணையாக ஒலித்த செர்ப்பென்ட், பின்னர் படைவீரரோடு அணிவகுப்பிலும் நடந்தது. மரத்தாலானதாயினும், உதட்டதிர்வால் ஒலிப்பதால் பித்தளைக் கருவிகளின் குடும்பத்திலேயே அதனை வைத்து எண்ணுவர்.

ஐரோப்பியரின் படைப் பேண்டுகள் சென்னைக்கும் வந்தன. அங்கு ஒலித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியங்கள் இயற்றினார். அவை 'நோட்டுசுர சாகித்தியங்கள்' எனப் பெயர் பெற்றன. தீட்சிதர் மறைந்தது 1835ஆம் ஆண்டு அக்டோபரில். டியூபாவுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது அதே ஆண்டு செப்டம்பரில். எனவே, அவர் இளமையில் கேட்ட பேண்டுகளில் டியூபா இருந்திருக்க இயலாது.

டியூபா தோன்றுவதற்கு வழி வகுத்தது வால்வு என்னும் பொறியமைப்பு. 1818ஆம் ஆண்டு பெர்லினில் ஸ்டோல்செல், புளூமெல் ஆகிய இருவரும் அதற்குக் காப்புரிமை பெற்றனர். வால்வை அழுத்தும்போது காற்று நேர்வழியை விட்டு, பக்கத்தில் இணைத்த சிறு குழாயைச் சுற்றிக்கொண்டு செல்லும். அதனால் குழலின் நீளம் ஒரு நொடியில் கூடிவிடும், சுரம் தாழும். வழக்கமான மூன்று வால்வுகளில் இரண்டாவது ஒரு சுரத்தானத்தையும், முதலாவது இரண்டு சுரத்தானங்களையும், மூன்றாவது மூன்று சுரத்தானங்களையும் தாழ்த்தும். பெரிய டியூபாவில் இம்மூன்று சிறு குழாய்களின் நீளமே ஏறத்தாழ இரண்டு மீட்டர். ஆக, ஒரே கருவிக்குள் ஏழு மீட்டருக்கு மேற்பட்ட குழல் அடங்கியுள்ளது.

வில்ஹெல்ம் வீப்ரெக்ட் என்னும் பேண்டுத் தலைவரும் மோரிட்ஸ் என்னும் கருவி வினைஞரும் இணைந்து பெர்லினில் டியூபாவை உருவாக்கினர். படைப் பேண்டுக்கு உறுதியான அடித்தள ஒலி வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம்.

மடியிலிருந்து தோளுக்கு

திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்திற்குச் செல்வோர், 1880ஆம் ஆண்டு எழுந்த நேப்பியர் அருங்காட்சியகக் கட்டடத்தோடு, அங்குள்ள பழைய பேண்டு மேடையையும் காணலாம். அத்தகைய மேடையில் அமர்ந்து வாசிப்பவர் டியூபாவைத் தம் மடியில் நிறுத்திக்கொள்ளலாம். எடையை மடியும் நாற்காலியும் தாங்கும். ஊர்வலத்தில் மடியும் இல்லை, நாற்காலியும் இல்லை. பத்துக் கிலோகிராம் அளவுள்ள கருவியைக் கைகளில் அணைத்தவாறு நெடுந்தொலைவு நடப்பின் தோளும் முதுகும் சோரும்; மூச்சும் தடைப்படும்.

இக்குறையை நீக்க, 1840களில் 'ஹெலிகான்' உருவாயிற்று. அதில் குழல் பெரிய வளையமாகச் சுற்றப்பட்டது. கலைஞர் அவ்வளையத்தினுள் தலையையும் ஒரு கையையும் நுழைத்து, மாலையைச் சாய்த்து அணிவது போலத் தோளில் அணிந்துகொள்வார். கைகள் சுமக்கும் பணியிலிருந்து விடுபட்டன. அவை வால்வுகளை இயக்கினால் போதும்.

1890களில் அமெரிக்கப் பேண்டுத் தலைவர் ஜான் ஃபிலிப் சௌசாவின் விருப்பத்திற்கேற்ப ஹெலிகான் மேலும் மாற்றம் பெற்று, அவர் பெயராலேயே 'சௌசாஃபோன்' எனப்பட்டது. தொடக்கத்தில் அதன் அகன்ற வாய் வானத்தை நோக்கியிருந்தது. ஆதலால் 'மழை ஏந்தி' என்று அதனை விளையாட்டாக அழைத்தனர். பின்னர் வாய் முன்னோக்கித் திருப்பப்பட்டது. இந்தியத் திருமண ஊர்வலப் பேண்டுகளிலும் கூட்டத்திற்கு மேலே பெரிய மலர் போல விரிந்து தோன்றுவது இக்கருவியே. இத்தகைய பித்தளைக் கருவிகளைச் செய்வதில் உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரம் பெயர் பெற்றது. அந்நகரின் ஜலீ கோட்டிப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கைவினைஞர் தகட்டைத் தட்டியும் குழாயை வளைத்தும் கருவிகளை உருவாக்கி வருகின்றனர்.

சிறுத்த உருவங்கள்

தோளில் ஏற்றுவது ஒரு வழி. உருவத்தைச் சுருக்குவது மற்றொரு வழி. குழலை மிக நெருக்கமாகச் சுற்றி, விரிவாயைச் சிறிதாக்கிச் செய்த டியூபாக்கள் உண்டு. ஜெர்மானிய மொழி பேசும் நாடுகளில் 'டோர்னிஸ்டர் டியூபா' எனப் பெயர் பெற்ற கருவி இவ்வகையைச் சார்ந்தது. டோர்னிஸ்டர் என்றால் படைவீரரின் முதுகுப்பை. இக்காலத்தில் பயணம் செய்வோர்க்கெனச் செய்யப்படும் சிறிய டியூபாக்களும் இவ்வகையினவே. இவற்றை விரித்தால் வழக்கமான டியூபாவின் நீளமே இருக்கும். 'பாக்கெட் டிரம்பெட்' என்னும் சிறு கருவியும் அவ்வாறே. உள்ளங்கை இரண்டில் அடங்குவதாகத் தோன்றினும், அதன் குழல் பெரிய டிரம்பெட்டின் குழலுக்கு நீளத்தில் ஒப்பானது.

எடையைக் குறைப்பது மூன்றாம் வழி. கண்ணாடியிழையால் செய்த சௌசாஃபோன் பித்தளையால் ஆனதைவிட எடை குறைந்தது. நெகிழியால் ஆன டிராம்போனின் எடை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. ஆதலின் சிறுவர்கள் தோள் நோகாமல் பயிலலாம். கீழே விழுந்தாலும் எளிதில் நசுங்காது.

இவ்வசதிகள் விலையின்றிக் கிட்டுவனவல்ல. நாகசுரத்திற்கு அணசு எப்படியோ, அப்படியே டியூபாவுக்கு அதன் விரிவாய். தாழ்ந்த ஒலியைப் பரந்த வெளியில் கலக்கச் செய்வது அதுவே. அதைச் சிறிதாக்கினால் சுரம் மாறாது. ஆனால், ஒலியின் அகலமும் கனமும் குறையும். வளைவுகள் மிக நெருங்கினால், காற்று இடறிச் செல்வது போன்ற உணர்வு ஊதுவோர்க்கு ஏற்படும். ஆகவே, பயணத்திலும் பயிற்சியிலும் சிறிய கருவியை ஏந்தும் கலைஞர், பெரிய மேடையில் பெரிய கருவியையே நாடுவார்.

எவ்வழியிலும் மாறாத ஒன்று உண்டு. உருவத்தைச் சுருக்கலாம், எடையைக் குறைக்கலாம், மரத்தை விட்டுப் பித்தளைக்கும், பித்தளையை விட்டு நெகிழிக்கும் மாறலாம். நீளத்தை மட்டும் வெட்ட இயலாது. வெட்டினால் அது வேறொரு கருவி; அதன் குரலும் வேறு. கூத்தரின் கலப்பையில் கிடந்த தூம்புக்கும் இக்காலப் பயணக் கலைஞரின் டியூபாவுக்கும் விதி ஒன்றே. நெடுவழி செல்வோர் தம் பொருள்களில் பலவற்றை விட்டுச் செல்ல நேரிடும். ஆயினும், தாழ்குரல் வேண்டுவோர் அதன் நீளத்தை விட்டுச் செல்வதில்லை. மடித்து எடுத்துச் செல்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

• டிரம்பெட் – குழலின் நீளம் ஏறத்தாழ 1.4 மீட்டர்
• யூஃபோனியம் – ஏறத்தாழ 2.7 மீட்டர்
• பெரிய டியூபா – ஏறத்தாழ 5.5 மீட்டர்
• வெயிலில் குழலினுள் உள்ள காற்று சூடேறினால் ஒலியின் வேகம் கூடும். சுரமும் சற்றே உயரும். அதனால், கலைஞர்கள் அணிவகுப்புக்கு முன் தம் கருவிகளை ஒரே சுருதிக்குக் கொண்டுவருவர்.

அருஞ்சொற்பொருள்

மெலிவு – தாழ்ந்த சுரநிலை, மந்தரம்
இளி – பஞ்சமம்
தூம்பு – உள்துளை உடைய நீண்ட காற்றுக் கருவி
பாண்டில் – தாளக் கருவி
ஆகுளி – சிறுபறை
காவுதல் – தோளில் சுமத்தல்
அணசு – நாகசுரத்தின் விரிந்த அடிப்பகுதி
சுரத்தானம் – ஒரு ஸ்தாயியிலுள்ள பன்னிரண்டு சுர நிலைகளுள் ஒன்று
நெகிழி – பிளாஸ்டிக்

மொழித்திறன்

கலம் + பை = கலப்பை. நிலைமொழியின் இறுதியிலுள்ள மகர மெய் கெட்டு, வருமொழியின் முதலிலுள்ள வல்லினம் மிகுந்தது. இவ்வாறே மரம் + பெட்டி = மரப்பெட்டி எனச் சேரும்.

சேர்த்து எழுதுக.
1. பழம் + கூடை
2. குளம் + கரை
3. பணம் + பை
4. வட்டம் + பாறை

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. மலைபடுகடாம் நூலின் வேறு பெயர் (பொருநராற்றுப்படை / கூத்தராற்றுப்படை / சிறுபாணாற்றுப்படை)
2. குழலின் நீளம் இருமடங்கானால் ஒலி (ஒரு ஸ்தாயி உயரும் / மாறாது / ஒரு ஸ்தாயி தாழும்)
3. 'கோடுதல்' என்னும் சொல்லின் பொருள் (வளைதல் / உடைதல் / நீளுதல்)

ஆ. பொருத்துக.
1. செர்ப்பென்ட் – முதுகுப்பை
2. டோர்னிஸ்டர் – மழை ஏந்தி
3. சௌசாஃபோன் – பஞ்சவாத்தியம்
4. கொம்பு – பாம்பு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'பைங்குனி', 'அல்பசி' என்பவை எந்தத் தமிழ் மாதங்களைக் குறிக்கின்றன?
2. வால்வை அழுத்தும்போது சுரம் ஏன் தாழ்கிறது?
3. ஹெலிகானை அணிந்த கலைஞரின் கைகளுக்குக் கிடைத்த நன்மை யாது?
4. தீட்சிதர் இளமையில் கேட்ட பேண்டுகளில் டியூபா இருந்திருக்க இயலாது என்பதற்குக் காரணம் யாது?

ஈ. பத்து வரிகளில் விடை எழுதுக.
1. தாழ்ந்த ஒலியுடைய கருவியை எளிதில் சுமப்பதற்குக் கையாண்ட மூன்று வழிகளை விளக்குக.
2. 'கலப்பை', 'கோடு' ஆகிய சொற்களின் பழம்பொருளையும் இன்றைய பொருளையும் ஒப்பிடுக.

உ. பேசிப் பழகுக.
உங்கள் பாட்டி, தாத்தா ஊரின் திருவிழாவில் ஒலிக்கும் காற்றுக் கருவி ஒன்றின் பெயரையும் வடிவத்தையும் வீட்டில் கேட்டறிந்து, வகுப்பில் இரண்டு நிமிடம் பேசுக. அக்கருவிக்கு மலையாளத்தில் வழங்கும் பெயரையும் கூறுக.

ஊ. செய்து பார்க்க.
தோட்டத்திற்கு நீர் பாய்ச்ச உதவும் புதிய குழாயில் மூன்று மீட்டர் துண்டு ஒன்றைத் தூய்மை செய்து, ஒரு முனையில் புனலைச் செருகுக. ஆசிரியர் முன்னிலையில் மறுமுனையில் உதடுகளை அதிரச் செய்து ஊதுக. முதலில் குழாயை நேராக நீட்டியும், பின்னர் வளையமாகச் சுருட்டியும் ஊதிப் பார்க்க. அடுத்து, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள வேறொரு குழாயில் அதே புனலைச் செருகி ஊதுக. எப்போது சுரம் மாறியது, எப்போது மாறவில்லை என்பதைக் குறித்து, அதற்கான காரணத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.